பழைய லெப்டொப்பை ஒதுக்குவதற்கு முன் ஒரு நிமிடம்



"சேர், மகன்ட லெப்டொப் சரியான ஸ்லோ. வித்துட்டு புதிசா ஒண்டு எடுக்கவா?"

கொஞ்ச நாளாகப் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஆளாளுக்குப் பதில் சொல்வதை விட இங்கே ஒரு தடவை விளக்கமாக எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு முதல் லெப்டொப் வந்தது. அதிலும் பாதி, யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தவை. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. அதன் பிறகு மாற்றி எடுக்கும் பேச்சே பல வீடுகளில் இல்லை. அன்று மூத்த பிள்ளை ஸூம் வகுப்புக்கு வைத்திருந்த அதே லெப்டொப்பில்தான் இன்று இளையவர் சாதாரண தரத்துக்குப் படிக்கிறார். அது ஓடாமல் போனால் வீட்டுக்கு நட்டம் பணம் மட்டுமல்ல, பிள்ளையின் படிப்பும்தான்.

நான் பார்த்த அளவில் இப்படியான லெப்டொப்களில் அனேகமானவற்றில் தாமதத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். எங்கள் ஏற்றத்தில் பஸ்ஸில் வருபவர்களுக்கு இது உடனே விளங்கும். முன்னால் பாரம் ஏற்றிய லொறி ஒன்று போனால், பின்னால் வருவது புத்தம் புதுக் கார் என்றாலும் லொறியின் வேகம்தான். ப்ரொசசர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் டிஸ்க் தரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. லெப்டொப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. சின்னக் கை ஒன்று அங்கும் இங்கும் ஓடித் தேவையானதைத் தேடி எடுக்கிறது. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதலாவது ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன, எடை சுமார் ஒரு தொன், கொள்ளளவு 5 எம்.பி. அளவுதான். அன்றிலிருந்து எல்லாம் சுருங்கியது, ஆனால் சுழலும் தட்டும் தேடும் கையும் மாறவில்லை. எஸ்.எஸ்.டி.யில் அந்தத் தட்டும் இல்லை, கையும் இல்லை. புதிய லெப்டொப்பின் விலையோடு பார்த்தால் அதன் விலை சின்னப் பங்குதான்.

"அப்போ எஸ்.எஸ்.டி. போட்டு வின்டோஸைப் புதுசாவே அடிச்சா சரிதானே?" என்பார்கள். பலருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. கல்லூரி முடித்து வந்த காலத்தில் வாங்கிய என் லெப்டொப்பில் அத்தனை வருடத் தவணைப் பரீட்சைத் தாள்களும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். சீடி தொலைந்துபோன பழைய பிரிண்டர் ஒன்றும் இருக்கிறது. அதனால் வின்டோஸை இருந்தபடியே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினேன். முன்பு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துத் திறந்த லெப்டொப் இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது.

இது கொப்பி, பேஸ்ட் வேலை இல்லை. வின்டோஸைத் தொடக்கிவைக்கும் சின்னப் பகுதி ஒன்று கண்ணுக்குத் தெரியாத தனிப் பார்ட்டிஷனில் இருக்கும். அதையும் சேர்த்து டிஸ்க் முழுவதையும் அச்சொட்டாக எடுப்பதைத்தான் க்ளோன் என்கிறோம். தைவானில் உருவான க்ளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்யும். செய்வதென்றால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பிள்ளையின் பாடங்கள், குடும்பப் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிரைவில் பிரதி எடுங்கள். டிஸ்க் ஏற்கனவே டக் டக் என்று சத்தம் போட்டால் வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது, அளவு. உங்கள் டிஸ்க் 500 ஜீ.பீ. என்றால் 480 ஜீ.பீ. எஸ்.எஸ்.டி. அதை விடச் சிறியது. பார்ட்டிஷனைச் சுருக்கும் தலையிடி வரும். 500 அல்லது 512 எடுங்கள்.

மூன்றாவது, பிட்லொக்கர் பூட்டுப் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள்.

நான்காவது, எதிலிருந்து எதற்கு என்று மென்பொருள் கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். திசை மாறினால் வெற்று டிரைவ் நிறைந்த டிரைவின் மேல் எழுதப்பட்டுவிடும். டிரைவின் பெயரையும் அளவையும் இரண்டு தடவை வாசியுங்கள். சார்ஜரும் குத்தியே இருக்கட்டும்.

ஐந்தாவது, முதல் தடவை திறக்கும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை மட்டும் விட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் வின்டோஸ் குழம்பும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எஸ்.எஸ்.டி. வேகத்தைத் தரும், வயதைக் குறைக்காது. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 டி.பி.எம். 2.0 கேட்கிறது, இன்டெல் ப்ரொசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அது இல்லாத லெப்டொப்பில் வங்கி வேலைகள் செய்யாதீர்கள். படிப்புக்கும் டைப்பிங்குக்கும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டும் பாவிக்கலாம், அது இலவசம்.

கடைசியாக, நான் மிக முக்கியமாக நினைப்பது. கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்கிறீர்கள்? சிலர் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதற்குள் உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள், பெண் பிள்ளைகளின் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வெறுமனே டிலீட் செய்தாலோ, குயிக் ஃபோர்மட் அடித்தாலோ அவை போகாது. திரும்ப எடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டிஸ்க்கைக் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள். புதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். பிறகு குயிக் என்ற தெரிவை எடுத்துவிட்டு முழு ஃபோர்மட் செய்யுங்கள். பல மணி நேரம் போகும், போகட்டும். ஓடாத டிஸ்க் என்றால் கழற்றித் தட்டை உடைத்துவிடுங்கள். வீட்டாரின் படங்கள் நம் கையில் இருக்கும் அமானிதம்.

வீட்டில் ஸ்லோவான லெப்டொப் வைத்திருக்கும் யாராவது தெரிந்தால் இதை அனுப்பிவிடுங்கள். மொடலை கொமென்டில் போட்டால் என்ன வகை எஸ்.எஸ்.டி. பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.