போவதற்கு முன்பே பிரிந்த ஊர்

ஆஸ்திரேலியாவின் திறன் விசாக் கணக்கில் 25 முதல் 32 வயது வரை 30 பாயிண்ட். 33 தொடங்கியதும் அது 25 ஆகிவிடும். 40 ஆனால் 15. 45 ஆகிவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது. அந்த ஐந்து பாயிண்டை நான் ஒரு மே மாதத்தில் இழந்தேன். ஆனால் நான் பிறந்தது மே மாதத்தில் அல்ல. அம்மாவைக் கேட்டால் ஐப்பசி என்பார். ஏரி கோடி போய்க்கொண்டிருந்த வாரம் அது, மருத்துவச்சிப் பாட்டியை அப்பா கைத்தாங்கலாக ஓடையைக் கடத்திக் கூட்டி வந்தார் என்பார். பள்ளியில் சேர்க்கப் போனபோது எனக்கு ஐந்து வயது நிறையவில்லை. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். தொட்டேன். ஜூனுக்குள் ஐந்து நிறையும்படி ஒரு மே மாதத் தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார். பென்னாகரம் வட்டத்தில் என் வயதுக்காரர்கள் பலர் காகிதத்தில் மே மாதத்தில் பிறந்தவர்கள்தான்.

அவர் செய்தது பெரிய உதவி. ஒரு வருடம் மாடு மேய்த்துத் திரியாமல் அந்த வருடமே படிப்பைத் தொடங்கினேன். அந்தப் படிப்புதான் என்னை அரசு பொறியியல் கல்லூரிக்கும், அங்கிருந்து பெங்களூருக்கும் கொண்டுபோனது. ஆனால் அந்தத் தேதியால்தான் 90 ஆக இருந்த என் பாயிண்ட் 85 ஆனது. ஐப்பசி வரை நான் உண்மையில் 32 வயதுக்காரன். அந்த உண்மை அம்மாவுக்கும் எங்கள் ஊர் ஏரிக்கும் மட்டும்தான் தெரியும்.

காத்திருப்பது என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு ரேஷன் கடை வரிசைதான் கண்ணில் தெரியும். முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்க்கலாம், கால் கடுத்தால் பையை வைத்து இடம் பிடிக்கலாம். இது அப்படியல்ல. 2012 ஜூலை முதல் ஆஸ்திரேலியா ஸ்கில்செலக்ட் என்ற முறையை வைத்திருக்கிறது. நமக்கு விருப்பம் இருக்கிறது என்று மட்டும் பதிவு செய்துவிட்டு இருக்க வேண்டும், இஓஐ என்பார்கள். அது இரண்டு ஆண்டு உயிரோடிருக்கும். குறைந்தபட்சத் தகுதி 65 பாயிண்ட் என்று எழுதியிருக்கும், ஆனால் 65ஐ வைத்துக்கொண்டு பெரும்பாலான தொழில்களில் அழைப்பை எதிர்பார்க்க முடியாது. அவ்வப்போது ஒரு அழைப்பு ரவுண்டு நடக்கும். எப்போது என்று முன்கூட்டித் தெரியாது. அதிகப் பாயிண்ட் உள்ளவருக்கு முதலில் இன்வைட் போகும். நேற்று பதிவு செய்த 90, போன வருடம் பதிவு செய்த 85ஐத் தாண்டிப் போய்விடும். முன்னே எத்தனை பேர் என்று பார்க்க வழியே இல்லை.

வரிசையையே கலைத்துவிட்ட காலங்களும் உண்டு. 2010 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா, 2007 செப்டம்பருக்கு முன் வெளிநாடுகளிலிருந்து வந்து தேங்கிக் கிடந்த ஏறத்தாழ 20,000 திறன் விண்ணப்பங்களை முடித்துவிடுவதாக அறிவித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2012இல் கனடா, 2008 பிப்ரவரி 27க்கு முன் வந்த தேக்கத்தைச் சட்டம் போட்டே கலைத்தது. குடும்பத்தாரையும் சேர்த்தால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 2,80,000 பேர். பிறகு கொரோனா. 2020 மார்ச் 20 அன்று எல்லையை மூடிய ஆஸ்திரேலியா, தடுப்பூசி போட்ட திறன் விசாக்காரர்களுக்கு 2021 டிசம்பர் 15 அன்றுதான் திறந்தது. கையில் கிராண்ட் கடிதம் இருந்தும் புறப்பட முடியாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நாட்களில் இருந்தார்கள். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், சரி. காத்திருந்த வருடங்களில் அவர்கள் செய்யாமல் விட்ட காரியங்களை யார் திருப்பித் தருவது? என் மனசைப் பிசைவது இந்தக் கேள்விதான்.

விருப்பம் பதிவு செய்த நாளிலிருந்து ஊரை நான் பார்க்கிற விதம் மாறிவிட்டது. சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வருகிற ரயிலில் தருமபுரியில் இறங்கி, பென்னாகரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும், வெளியே தெரிவதெல்லாம் இப்போதே பழைய ஞாபகம் மாதிரி தெரிகிறது. ராகிக் கொல்லையில் சால் விட்டுப் போட்டிருக்கும் அவரையும் துவரையும், மேட்டில் ஒற்றையாக நிற்கும் பனை, மொட்டைப் பாறைமேல் காயவைத்திருக்கும் கொள்ளு. அங்கேதான் இருக்கிறேன், இருந்தும் அந்த இடத்துக்காக ஏங்குகிறேன். போனவர்களுக்கு வரும் ஏக்கம் இது என்று நினைத்திருந்தேன். போகக் காத்திருப்பவனுக்கும் வருகிறது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பல்லில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. அக்காவுக்கும் இருக்கின்றன, என்னோடு படித்த பாதிப் பேருக்கும் மேல் உண்டு. தருமபுரியின் பாறைகளில் ஊறி வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது, மாற்று வழி இல்லாதபோதும் ஒன்றரைக்கு மேல் போகக் கூடாதது, பல ஊர்களில் அந்த அளவைத் தாண்டி இருந்தது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைப்பதற்கு முன்பே எனாமல் பாதிக்கப்பட்டுவிடும், பிறகு வரும் கறை தேய்த்தாலும் போகாது. மூட்டு வளைந்து கோலூன்றிய பெரியவர்களையும் பார்த்தே வளர்ந்தோம். 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 2013இல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. நான் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு. அக்கா மகன் சிரிக்கும்போது பல் வெள்ளையாக இருக்கிறது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஊர் நல்லதாகிக்கொண்டிருக்கிறது, நான் வெளியேறுவதற்குத் தாள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்வைட் வந்தபின் மெடிக்கல் இருக்கிறது. மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் பார்ப்பார்கள். பல்லைப் பற்றிக் கேட்பதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆக, நான் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்பது அந்தக் கோப்பில் எங்கும் வராது.

வராதவை இன்னும் உண்டு. நான் சிவில் இன்ஜினியர். என் படிப்பையும் வேலையையும் மதிப்பிடுவது இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. செய்த வேலைகளிலிருந்து மூன்றைத் தேர்ந்து விரிவாக எழுதித் தரவேண்டும். குழு என்ன செய்தது என்று எழுதக் கூடாது, விண்ணப்பிப்பவர் தானே என்ன செய்தார் என்றுதான் எழுத வேண்டும். பெங்களூரில் நான் நின்று கட்டிய கட்டிடங்களில் சென்ட்ரிங் அடித்தவர்களும் கம்பி கட்டியவர்களும் பாதிப் பேர் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஆட்கள். கான்கிரீட் போடுகிற இரவுகளில் அவர்கள் கிண்டிய களியைச் சாப்பிட்டுத்தான் விடிய விடிய நின்றேன். அறிக்கையில் அவர்களுக்கு இடமில்லை. விதி அப்படி, புரிகிறது. எழுதி முடித்தபோது மனசு கனத்தது.

விசா கன்சல்டன்ட் சொன்னாரென்று போலீஸ் சான்றிதழையும் முன்னதாகவே வாங்கிவைத்தேன். விசாரணைக்கு ஊருக்குக் காவலர் வந்ததோடு ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில் ஒரே கேள்விதான். "எப்பப்பா கெளம்பறே?" நலம் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கணக்கில் நான் போய்விட்டவன். ஏரி தூர் வாருவதைப் பேசக் கூடியபோது, போன வருடம் வரை என்னிடம் யோசனை கேட்டவர்கள், இந்த வருடம் கேட்கவில்லை. "அவன் எதுக்கு, போறவன்" என்று பெரியப்பா சாதாரணமாகத்தான் சொன்னார்.

போறவன். இந்தப் பேரை வைத்துக்கொண்டு எத்தனை காரியங்களை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. வீட்டின் பின்கட்டில் ஓடு சரிந்து கிடக்கிறது, போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று விட்டாயிற்று. கறவை மாடு வாங்கலாம் என்றார் அப்பா, வேண்டாம் என்றேன். கல்யாணம் தள்ளிப்போகிறது. மணமாகாதவருக்கு 10 பாயிண்ட். மனைவிக்கும் ஏற்கப்பட்ட தொழிலும் திறன் மதிப்பீடும் ஆங்கிலத் தகுதியும் இருந்தால் அதே 10, ஆங்கிலத் தகுதி மட்டும் இருந்தால் 5, இரண்டும் இல்லையென்றால் ஒன்றுமில்லை. இதை அம்மாவுக்கு விளக்கியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வர்ற பொண்ணு பரீட்ச எழுதித்தான் நம்ம வூட்டுக்கு வரணுமா கண்ணு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அப்பாவின் புளியங்கன்று. எங்கள் கொல்லையோரத்துப் பழைய மரம் ஒரு காற்றுமழையில் சாய்ந்தது. தாத்தா நட்டது. மாசி, பங்குனியில் அதை உலுக்கித்தான் அந்த வருடத்துப் பள்ளிச் செலவு. புளி தட்டிக் கொட்டை எடுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் திண்ணை நிறைய உட்காருவார்கள், நாங்கள் புளியங்கொட்டை பொறுக்கிப் பல்லாங்குழி ஆடுவோம். அதே இடத்தில் வேறு கன்று வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். விதைக் கன்று காய்ப்புக்கு வர எட்டு, பத்து வருடம் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் நாலைந்து வருடம். "நீ இருப்பியா, மாட்டியா, சொல்லு. இருக்கறதா இருந்தா வெதக் கன்னு, போறதா இருந்தா ஒட்டு" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்புறம் இரண்டு ஆடி போய்விட்டது. குழிகூட எடுக்கவில்லை.

ஊரில் நான் இழந்தது இதைத்தான். களியோ மார்கழிப் பனியில் கொதிக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்போ இன்னும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கோடையில் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் இன்னும் பெங்களூரிலிருந்து வந்து, மண்ணில் படுத்துக் கிடக்கும் துரியோதனனைப் பார்த்துவிடலாம். ஆனால் பத்து வருடம் கழித்துக் காய்க்கும் ஒன்றை இங்கே நம்பி நட முடிந்த மனசு போய்விட்டது. விமானம் ஏறியவனுக்குப் போவது எனக்கு இங்கேயே போய்விட்டது. அதற்காகத்தான் ஏங்குகிறேன்.

ஆஸ்திரேலியாவில் 491 என்றொரு விசா இருக்கிறது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களை விட்டு மற்ற இடங்களில் வாழ ஒப்புக்கொண்டு, ஒரு மாநில அரசு பரிந்துரைத்தால் 15 பாயிண்ட் கூடும். ஐந்தாண்டு விசா, மூன்றாண்டு அங்கே வாழ்ந்து நிபந்தனைகளை நிறைவேற்றினால் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி. சிறிய ஊர்களில் ஆள் தங்க வேண்டும் என்று ஒரு நாடு இவ்வளவு யோசிக்கிறது. நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன், அதற்கும் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பிய இரவில் தருமபுரியின் நினைவுதான் வந்தது. பெங்களூர், திருப்பூர், ஓசூர் என்று ஆள் போய்க்கொண்டே இருக்கிற மாவட்டம் இது. இங்கே தங்குகிறவனுக்கும் யாராவது ஒரு பாயிண்ட் கொடுத்திருந்தால் எங்கள் தெருவில் இத்தனை பூட்டிய வீடுகள் இருந்திருக்குமா?

ஊர் எல்லையில் வேடியப்பன் இருக்கிறார். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் வேடியப்பனாகக் கும்பிடுவது பழைய நடுகற்களைத்தான். ஊர் மாடுகளை மீட்கப் போராடி மாண்ட வீரர்களுக்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்பு நட்ட கற்கள் பல இருக்கின்றன. தருமபுரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அம்மா எனக்காக அங்கே வேண்டிக்கொண்டு வருகிறார். விசா வர வேண்டும் என்று வேண்டுகிறாரா, வரக் கூடாது என்றா, நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எதை வேண்டிக்கொண்டாலும் அதற்கான உரிமை அவருக்கு இருக்கிறது.

போகிற எண்ணத்தை விட்டுவிடவில்லை. அங்கே கற்க வேண்டியது எனக்கு இருக்கிறது, குடும்பக் கடன் இருக்கிறது. போகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் போன வாரம் அப்பாவிடம் விதைக் கன்று என்றே சொல்லிவிட்டேன். பின்கட்டு ஓட்டை மாற்ற ஆள் சொல்லியாயிற்று. பெண் பார்க்கச் சொல்லி அம்மாவிடமும் சொன்னேன், பரீட்சை பற்றிப் பேச்சே வேண்டாம் என்றும் சொன்னேன். அந்தப் பத்துப் பாயிண்ட் போனால் போகட்டும்.

என்னைப் போல் ஏதோ ஒரு நாட்டுக்குத் தாள் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். இன்வைட் வந்தால் விண்ணப்பிக்க 60 நாள் தருகிறார்கள், அதற்குள் எல்லாம் செய்துகொள்ளலாம். அதுவரை ஊரில் செய்ய வேண்டியதை நிறுத்தி வைக்காதீர்கள். ஆடி வருகிறது, குழியை இப்போதே எடுத்துவிடுங்கள்.