குளிருக்கு வழி

பொறி பழுதுற்றதெனின் பொறியையே பழிப்பது உலக வழக்கு. ‘டனீடின்’ என்னும் பாய்மரக்கப்பலின் வரலாற்றைப் படித்தபின் யான் அங்ஙனம் பழிக்கத் தயங்குகின்றேன்.

1882-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், உரித்து உறையவைத்த ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்களுடன் அக்கப்பல் நியூஸீலாந்தினின்று லண்டன் நோக்கிப் புறப்பட்டது. வெப்பமண்டலத்தை எய்தியகாலை, காற்றை அழுத்திக் குளிர்விக்கும் பொறி ஓடியும், குளிர்காற்றுச் சரக்கறையெங்கும் செவ்வனே பரவவில்லை. உறைந்த ஊன் உருகின் யாவும் அழுகிவிடும். கப்பற்றலைவர் விட்ஸன் தாமே உள்ளே தவழ்ந்து, காற்றுக்குழாயிற் புதிய துளைகளை அறுத்தார். குளிரால் விறைத்த அவரைக் காலிற் கயிறு கட்டியன்றோ வெளியே இழுத்தனர்! 98 நாட்பயணத்தின் முடிவில் கெட்டதெனத் தள்ளப்பட்டது ஓர் உடலே.

குளிர் உண்டாயிற்று, சென்று சேர வழியில்லை. குறை அவ்வளவே. கல்வியும் கற்றோனிடமே தங்கிவிடின் பயன் யாது? அதற்கும் வழி திறத்தல் வேண்டுமன்றோ!