பியானோவும் பிழைப்பும்

கொருக்குப்பேட்டை சரக்கு ரயில் நிலையத்தில் மூட்டை சுமக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் வந்து, "பையன் கீபோர்டும் கையுமாகவே கிடக்கிறான், ஹஜரத். பாட்டு சோறு போடுமா? நீங்களாவது சொல்லித் திருத்துங்கள்" என வேண்டினார். இசை குறித்து ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் ஈண்டுக் கிளற விரும்பவில்லை. அவர் கேட்டது சோற்றைப் பற்றி. விடையாக, லூயிஸ் பாங்க்ஸ் என்பாரின் வாழ்க்கையை எடுத்துரைத்தோம்.

அன்னார் 1941இல் டார்ஜிலிங்கில் நேபாள வழிக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையார் புஷ்கர் பகதூர் கல்கத்தாவில் ட்ரம்பெட் ஊதிப் பிழைத்தவர்; ஜார்ஜ் பாங்க்ஸ் எனப் பெயரை மாற்றிக்கொண்டவர். மகனுக்கோ அமெரிக்கக் கறுப்பின மேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பெயரைச் சூட்டினார். பெயரை மட்டுமா தந்தார்? பியானோவையும் அவரே கற்பித்தார். உஸ்தாதின் முன் மண்டியிட்டு ஓதிய நமக்கு, தந்தையே உஸ்தாதாக வாய்ப்பது எத்தகைய பேறென்பது விளங்கும்.

ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. தெரிந்த மெட்டொன்றை எடுத்துக்கொண்டு, வாசிக்கும் அக்கணமே புதிது புனைவது அதன் உயிர். நம் கச்சேரி வித்வான்களின் மனோதர்மத்துக்கு அது அண்டை வீடு. மனம்போனபடி வாசிப்பதென எண்ணற்க. சொந்தமாகப் பேசத் துணிவோனுக்கு இலக்கணம் இருமடங்கு வேண்டும். நஹ்வு படித்தோர் இதனை ஒப்புவர்.

அந்த ஜாஸ் சோறு போட்டதா? பாங்க்ஸ் காத்மாண்டு ஹோட்டலில் வாசித்தார். 1970களில் கல்கத்தா பார்க் தெருவின் ப்ளூ ஃபாக்ஸ் உணவகத்தில், தட்டுகளின் ஓசைக்கு நடுவே, பாடகி பாம் கிரெய்ன், சாக்ஸபோன் கலைஞர் பிராஸ் கொன்சால்வஸ் ஆகியோருடன் வாசித்தார். ஆர்.டி. பர்மனின் செவியில் அவ்வாசிப்பு விழவே, பம்பாய்த் திரையுலகின் கதவு திறந்தது. அங்கே அவர் அமைத்த விளம்பர மெட்டுகளுக்குக் கணக்கில்லை. ஜாஸ் கேட்க வருவோர் சிலர். விளம்பரத்துக்குக் கூலி கொடுப்போர் பலர். இதனை இழிவென்பாருடன் நாம் உடன்படோம். உழைத்துண்ட கூலி அது.

1988 சுதந்திர தினத்தன்று தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'மிலே சுர் மேரா துமாரா' பாடலின் இசையமைப்பிலும் அவர் பங்குண்டு. பாலமுரளிகிருஷ்ணா தமிழில் பாடும் இடத்துக்காக, தொலைக்காட்சி உள்ள வீட்டு வாசலில் நம் பேட்டைச் சிறுவர் காத்து நிற்பர். அக்கூட்டத்தில் நாமும் நின்றோம். பின்னே இருந்த கை யாருடையதென எவரும் கேட்டதில்லை.

விளம்பரத்தில் உழைத்த அக்கை ஜாஸை விட்டுவிடவில்லை. இங்கிலாந்தின் கிட்டார் மேதை ஜான் மெக்லாஃப்லின் நம் சென்னையிலேயே பதிவுசெய்து 2008இல் வெளியிட்ட 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' இசைத்தட்டில் கீபோர்டு வாசித்தவர் பாங்க்ஸே. அத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 67. மகன் ஜினோவும் இசைத்துறைக்கே வந்தார்; பியானோவை விட்டு, டிரம்ஸைத் தேர்ந்துகொண்டார்.