நெமிலியில் ஓர் ஆணிப்பலகை

அரக்கோணத்தில் ரயிலை விட்டிறங்கி நெமிலிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பலர் பாலா திரிபுரசுந்தரியைத் தரிசிக்கவே போகிறார்கள். 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை ஜில்லாவைச் சேர்ந்த ஊர் இது. அம்பிகை இங்கே சின்னஞ்சிறு பெண். ஆகையால் பக்தர்கள் அவளுக்குச் சாக்லேட் படைக்கிறார்கள். நவராத்திரியில் நானும் போயிருந்தேன். தரிசனம் முடிந்து திரும்புகையில் கடைத்தெருவில் ஒரு சிறு கூட்டம் என்னை நிறுத்திவிட்டது.

சாய்த்து வைத்த ஒரு பலகை. அதில் வளைவு வளைவாய் ஆணிகள். நடுநடுவே எண் எழுதிய குழிகள். ஒரு பையன் காசு கொடுத்துக் கோலிக்குண்டைக் குச்சியால் தட்டினான். குண்டு மேலேறி, ஆணிக்கு ஆணி முட்டிக்கொண்டு இறங்கி, எல்லாக் குழிகளையும் ஏமாற்றிவிட்டு அடியில் விழுந்தது. "தலையெழுத்துடா!" என்றான் உடன் வந்தவன்.

இந்தப் பலகைக்குச் சிகாகோவில் ஒரு செல்வந்த உறவினன் உண்டு. 'பின்பால்' என்பது அதன் பெயர். அங்கே 1931-ல் காட்லீப் கம்பெனியார் வெளியிட்ட 'பாஃபில் பால்' யந்திரமும் ஏறக்குறைய நம் ஆணிப்பலகைதான். குண்டை விட்டபின் பெட்டியைச் சற்று உலுக்கலாமே தவிர, வேறொன்றும் செய்வதற்கில்லை. ஆகவே, இவ்வகை யந்திரங்களைச் சூதாட்டமென்று நியூயார்க் நகரம் 1942-ல் தடுத்தது. மேயர் லா கார்டியா சம்மட்டி எடுத்து உடைத்தே காட்டினார்.

நாம் விடுதலையடைந்த 1947-ஆம் ஆண்டில் அதே கம்பெனி 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற யந்திரத்தைக் கொண்டுவந்தது. மதிலிலிருந்து விழுந்து உடைந்து, அரசனின் ஆட்களாலும் ஒட்டவைக்க முடியாமற்போன முட்டைக்காரன் கதை அது. ஆங்கிலக் குழந்தைகளின் பழைய பாட்டு. வேடிக்கையைப் பாருங்கள்! விழுந்தவன் படம் தீட்டிய அந்த யந்திரத்தில்தான் விழுவதைத் தூக்கிவிடும் கையும் முதலில் அமைந்தது. ஹாரி மாப்ஸ் என்பவர் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிறு துடுப்புகளைப் பொருத்தினார். பொத்தானை அமுக்கினால் கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும். சுருள் காந்தமாகி இரும்புத் தண்டை இழுக்கும். துடுப்பு துள்ளிக் குண்டை மேலே எற்றும். மறுவருஷமே சிண்டரெல்லா முதலிய கதைமாந்தரும் யந்திரமேறினார்கள்.

ஆயினும் நியூயார்க்கின் தடை நீங்க 1976 வரை ஆயிற்று. ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபையார் முன்னிலையில், குண்டு எவ்வழி செல்லுமென்று முன்கூட்டிச் சொல்லி அவ்வாறே அடித்துக் காட்டினார். அதிர்ஷ்டம் அல்ல, கைத்திறமை என்பது ருசுவாயிற்று.

நெமிலியைச் சூழ்ந்த வடஆற்காட்டுச் சீமை பாரதக் கூத்துக்குப் பேர்போனது. சகுனியின் பகடை உருளத் தருமர் நாட்டையும் தம்பியரையும் இழப்பதை விடிய விடியப் பார்த்துக் கலங்கும் ஜனங்கள் இவர்கள். சூதின் கொடுமையை இவர்களுக்குப் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஊழின் வலிமையைச் சொன்ன வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தாரல்லவா? நம் தச்சர் ஒருவர் அந்தப் பலகையில் இரண்டு மரத்துடுப்புகளைப் பொருத்தி, மேலே தருமரையும் பகடையையும் தீட்டி வைத்தால் எப்படியிருக்கும்!

திரும்பிப் பார்த்தேன். பையன் இன்னொரு காசுக்காகச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். குண்டு விழும்போதெல்லாம் அவன் கைகள், தூக்கிவிட வழியின்றி, வெறுங்காற்றைத்தான் பிடித்தன.