இடைசெவல்: பெரியவர்கள் பேச்சைச் சேமித்த கரிசல் ஊர்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு நோக்கி நான்குவழிச் சாலையில் போனால் வரும் ஊர், இடைசெவல். சுற்றிலும் கரிசல் காடு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை விழுந்துவிட்டால், காலில் அப்பிக்கொண்டு ஆளை நடக்க விடாது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமைதான் இங்கே பிரதானம். கம்பும் சோளமும் பருத்தியும் நின்ற வட்டாரத்தில், இப்போது மக்காச்சோளமும் உளுந்தும் கண்ணில் படுகின்றன.

இந்தச் சின்ன ஊரில் பிறந்த இருவர் சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள். ஒருவர் கு.அழகிரிசாமி, இன்னொருவர் கி.ராஜநாராயணன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விவசாயி, கி.ரா. தன் முன்னோர் தெலுங்கு தேசத்திலிருந்து வந்து கரிசலில் காடு திருத்திய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் ‘கோபல்ல கிராமம்’ நாவலாக்கினார். சம்சாரிகள் வாயில் புழங்கிய சொற்களைத் திரட்டி, கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார். 2021-ம் ஆண்டு மே மாதம் புதுச்சேரியில் மறைந்த அவருக்கு, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது இந்த ஊரில்தான்.

கி.ரா செய்ததில் ஒரு பங்கை நாமும் செய்யலாம். கேட்கும் விதம்தான் முக்கியம்.

பக்கத்து ஊரில் வேப்பமரத்தடியில் இருந்த ஒரு பெரியவரிடம், “அந்தக் காலத்து விவசாயத்தைப் பத்திச் சொல்லுங்க தாத்தா” என்றேன். “அதை என்னத்தச் சொல்ல தம்பி, எல்லாம் கஷ்டந்தான்” என்று முடித்துக்கொண்டார். “கமலை இறைச்சிருக்கீங்களா?” என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூனை, தும்பி, வடம், வால்கயிறு என ஒவ்வொன்றாக வந்தது. “விடியுமுன்ன மாட்டைப் பூட்டிரணும். வெயில் ஏறிட்டா மாடு பின்னால வராது” என்றார்.

“அப்புறம் மோட்டார் வந்துச்சு, மாட்டை வித்துட்டேன்” என்று அவர் சொல்ல, அதுவரை பேசாமல் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பாட்டி குறுக்கிட்டார். “மோட்டாருக்கா வித்தீக? மூத்தவ கல்யாணத்துக்குல்ல வித்தீக!” பெரியவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் பேசவும் இல்லை.

ஒருவரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். நிலம் வைத்திருந்தவர் சொல்லும் பஞ்சம் வேறு, கூலிக்குப் போனவர் சொல்லும் பஞ்சம் வேறு. பெண்களிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். விதை காத்த விவரம், பிள்ளைக்குக் கஞ்சி பங்கிட்ட விவரம் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கும்.

வருஷக் கணக்கு பலருக்கும் நினைவில் இருக்காது. “மூத்த மகன் பிறக்குறதுக்கு முன்னயா, பின்னயா?”, “ஊருக்குக் கரன்ட் வந்த பிறகா?” என்று கேட்டால் பிடிபடும். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் கவனம் தேவை. அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பெரும் பஞ்சத்தோடு நினைக்கப்படும் தாது வருஷம் 1876-77. அடுத்த தாது 1936-37.

கருவி என்று பார்த்தால், கையில் இருக்கும் செல்போன் போதும். டி.வி-யை அணைத்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். முதலில் அவர்களிடம் அனுமதி கேட்டு, பெயர், ஊர், தேதியைச் சொல்லித் தொடங்குங்கள். இடையில் மறித்துத் திருத்த வேண்டாம். “இதை வெளியே சொல்லாதே” என்றால், அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள். பதிவை இன்னொருவர் போனிலும் ஏற்றி வையுங்கள். போன் பழுதானாலும் குரல் தங்கும். வட்டாரச் சொற்களை ஒரு நோட்டில், அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ 80 வயதைத் தாண்டியவர் இருந்தால், ‘அறுவடை முடியட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே ஒரு கேள்வி கேளுங்கள்.