பூவன் பழம் மணக்கும் ஒயின்

முதல் மிடறு இறங்கும் முன்பே மூக்கில் ஏறியது பரமத்திவேலூர் வாழைத்தார் ஏலம்தான். பிரான்சில் லியோனில் வேலை பார்க்கும் மச்சினன், மார்கழியில் திருச்செங்கோடு வந்தபோது பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்த போஜொலே நுவோ ஒயின். "இதைக் கொஞ்சம் சில்லுன்னு குடிக்கோணுங்க மாமா" என்று ஃப்ரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து எடுத்தான். ஒயின் கோப்பைக்கு எங்கே போவது? எவர்சில்வர் டம்ளர்தான். அதில் நிறம் சரியாகத் தெரியவில்லை, வாசம் தெரிந்தது. நன்றாகக் கனிந்த பூவன்.

"என்ன மாப்ள, வாழப்பழமாட்ட மணக்குது?"

"அங்கயும் அப்படித்தான் சொல்வாங்க மாமா. கேலியாச் சொல்வாங்க."

கமே என்ற கறுப்புத் திராட்சையைக் கையால் பறித்து, நசுக்காமல் கொத்துக் கொத்தாகவே மூடிய தொட்டியில் நிரப்புகிறார்கள். அடியில் கிடப்பது மேல்பாரத்தில் நசுங்கிப் புளிக்கத் தொடங்குகிறது. கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிறைக்க, மேலே உள்ள முழுப்பழம் காற்றில்லாமல் தனக்குள்ளேயே நொதிக்கிறது. தோலின் துவர்ப்பு அதிகம் இறங்குவதில்லை. கூடவே ஐசோஅமைல் அசிட்டேட் உண்டாகிறது. வாழைப்பழத்துக்கு மணம் தருவதும் அதுதான். என் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை.

இலையுதிர்காலத் தொடக்கத்தில் அறுத்த பழம், நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை பாட்டிலாகக் கடைக்கு வந்துவிடும். அந்தக் கிழமை முடிவானது 1985இல். ஜார்ஜ் துபோஃப் என்ற வியாபாரி அதை ஊரூராகத் திருவிழா ஆக்கினார். பாதி விளம்பரம் என்று விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. கமே மீதான இளப்பமும் இன்று நேற்றையது அல்ல. 1395இலேயே பர்கண்டிக் கோமகன் பிலிப் அந்தக் கொடியை வெட்டி எறியச் சொன்னார்.

தெளுவு குடித்து வளர்ந்த வாய்க்கு அந்த இளப்பம் வரவில்லை. விடியலில் பனையிலிருந்து இறக்கிய தெளுவை வெயில் ஏறுவதற்குள் குடித்தாக வேண்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே பாளைச்சாறு கள். காலையில் இனிக்கும், சாயங்காலம் புளிக்கும். பழசானால்தான் மதிப்பு என்ற பேச்சே அங்கு கிடையாது.

கள்ளைப் பற்றி நான் இதைச் சொல்லும் திருச்செங்கோடும் லேசான ஊர் இல்லை. பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' இதழ் நடத்தினார். அதில் உதவியாசிரியர் கல்கி. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்ததும் எங்கள் அன்றைய சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. கூலிப்பணம் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற கவலையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு விளங்காதது பின்னால் நடந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறைக் கடை நடத்துகிறது. மரத்திலிருந்து இறங்கினால் வழக்கு, ஆலையிலிருந்து வந்தால் வருமானம். சித்திரையில் வாங்கினாலும் ஐப்பசியில் வாங்கினாலும் ஒரே மாதிரி நெடி அடிக்கும் அந்தக் குவார்ட்டரை எந்த மூக்கு எந்த ஊரோடு சேர்க்கும்?

பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. "வச்சா வீணாப்போயிருமுங்க, நாளைக்கே முடிச்சிரலாம்" என்றான். பிறகு, தெளுவு எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டான். தைக்கு மேல்தான் பாளை சீவுவார்கள். அதற்கும் மரமேற ஆள் வேண்டும், ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடநாட்டில். அவனுக்கு லீவு ஜனவரி முதல் வாரத்தோடு முடிகிறது.