யாரும் நிறுத்துப் பார்க்காத வேலை

ஈப்போவின் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில் வெறுமனே நின்ற பொருள் என்று எதுவும் இருந்ததில்லை. தொலைக்காட்சிப் பெட்டி, வானொலி, நாற்காலியில் தலை சாயும் இடம், சாமி மேடை, எல்லாவற்றின் மேலும் வெள்ளை நூலில் பின்னிய பூ விரிப்பு கிடக்கும். எல்லாம் அம்மாவின் கைவேலை. கோலாலம்பூரில் இப்போது நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் தொலைக்காட்சி சுவரோடு ஒட்டிக்கிடக்கிறது. விரிப்புக்கு அங்கே இடமே இல்லை. விரிப்பு போனால் போகட்டும். அது பின்னப்பட்ட அந்தச் சாயங்கால நேரத்துக்குத்தான் மனசு கிடந்து தவிக்கிறது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரம் நன்றாகப் பால் விடும் என்பதால், விடியுமுன்பே பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பிறகு நிரையில் மரத்துக்கு மரம் ஓட்டம். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மேலோடு போனால் கீழே ஏந்தும் மங்கில் பால் விழாது. வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வந்தால் பாலை நிறுப்பார்கள், உறைந்த ஒட்டுப்பாலைத் தனியாக நிறுப்பார்கள், கிராணி புத்தகத்தில் எழுதுவார். அவ்வளவு வேகமான கைக்குக் கணக்கு எழுதியது எப்போதும் இன்னொருவர்தான்.

பின்னல் அவருக்குத் தோட்டத்திலேயே வந்துவிட்டது. கான்வென்ட்டில் படித்த கிராணி வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்தாராம். கம்பளி நூலும் இரண்டு நீள ஊசியும் குளிர் நாட்டுக்காரர்களுக்கு. ஈப்போ வெயிலுக்குப் பருத்தி நூலும் ஒரே ஒரு கொக்கி ஊசியும் போதும். தோட்டம் கைமாறி, லயத்தை விட்டுக் குனோங் ராபாட்டுக்கு நாங்கள் வந்தபோது, சட்டி பானையோடு அந்த ஊசியும் வந்தது.

மாலை வேலை முடிந்ததும் வாசலில் உட்காருவார். எதிரே சுண்ணாம்புக்கல் மலை. பக்கத்துத் தெருவில் ஹியோங் பியா பிஸ்கட் சுடும் வாசனை. பக்கத்து வீட்டு அத்தை வருவார், எதிர்வீட்டு ஆ சோவும் வருவார். ஆ சோவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் தெரிந்த மலாய் கடைத்தெருவுக்கு மட்டும் போதும். ஆனாலும் பின்னிய துண்டைக் கையில் கொடுத்தால் போதும், புரட்டிப் பார்த்து, கண்ணி எண்ணி, மறுநாளே அதே பூவைப் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்.

நூல் உருண்டை தரையில் ஓடாமலிருக்க அம்மா ஒரு வேலை செய்திருந்தார். மைலோ டின் மூடியில் ஆணியால் துளை போட்டு, நுனியை அதன் வழியாக இழுத்துவிடுவார். உருண்டை உள்ளேயே புரளும். இடதுகை ஆள்காட்டி விரலில் நூலைச் சுற்றிப் பிடித்து, ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுக்க வேண்டும். கத்தி பிடித்துக் காய்ப்பேறிய விரலில் நூல் அவ்வளவு மெதுவாக ஓடும். உதடு மட்டும் அசையும். நடுவில் கூப்பிட்டால், "இரும்மா, எண்ணிட்டு இருக்கேன்ல" என்பார். அந்தக் கணக்கு முழுக்க அவருடையது. எந்தக் கிராணியும் அதை எழுதவில்லை. தப்பாகப் போனால் சரசரவென்று இழுத்துவிடுவார், பூ மறுபடி நூலாகிவிடும். மரத்தில் தப்பிய வெட்டை அப்படி அழிக்க முடியாது, அந்தத் தழும்பு வருஷக்கணக்கில் நிற்கும். முடிந்த விரிப்பைக் கஞ்சித் தண்ணியில் முக்கி, ஓரம் ஓரமாக இழுத்துவிட்டுக் காயவைப்பார்.

இன்று மன அமைதிக்கு வழி என்று பின்னலைச் சொல்கிறார்கள். 2013-ல் பிரிட்டிஷ் தொழில்வழிச் சிகிச்சை இதழில் வந்த ஓர் ஆய்வு, பல நாடுகளில் 3,500-க்கும் மேற்பட்ட பின்னல்காரர்களைக் கேட்டது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் சாந்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஆனால் பின்னுவதற்கு அமைதி மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட்டிடம் லேஸ் கற்ற அடிமைப் பெண்களில் சிலர், அந்தச் சம்பாத்தியத்தில் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். அம்மா ஒரு விரிப்பைக்கூட விற்றதில்லை. அவர் சம்பாதித்தது அந்தச் சாயங்கால ஒரு மணி நேரம். நிரை வேலையும் அடுப்பு வேலையும் போக அவருக்கென்று மிஞ்சியது அதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, அம்மா எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். கொஞ்சம் தடித்த பருத்தி நூல் வாங்குங்கள், வெளிர் நிறமாக இருக்கட்டும்; கறுப்பில் கண்ணி தெரியாது. முதல் சில நாள் பூவுக்கு ஆசைப்படாமல் சங்கிலி மட்டும் போடுங்கள். நூலை இறுக்காதீர்கள், இறுகிய கண்ணிக்குள் ஊசி திரும்ப நுழையாது. எண்ணிக்கை விட்டுப்போனால் கவலைப்படாமல் இழுத்துவிடுங்கள்.

அம்மா இப்போது இல்லை. அவர் போட்ட அன்னாசிப் பூ மாதிரியை எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை. கை மட்டும்தான் அறிந்திருந்தது. பின்னத் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், கண் பார்வை நன்றாக இருக்கும்போதே, இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.